பிரம்பு கேட்காத கேள்வி

“பிரம்பைப் பறித்தார்கள், பிள்ளைகள் கெட்டார்கள்” என்னும் பாட்டு இன்று குடாநாட்டின் மேடைதோறும் பாடப்படுகிறது. பரிசளிப்பு விழாவிற் பிரதம விருந்தினர் பாடுகிறார். பழைய மாணவர் சங்கக் கூட்டத்திலே தலைவர் பாடுகிறார். கோயில் வீதியிற் கச்சான் கொறித்துக்கொண்டு நிற்போரும் பாடுகின்றனர். வாள்வெட்டா? பிரம்பு இல்லாமையால். போதைப்பொருளா? பிரம்பு இல்லாமையால். கணித பாடத்திற் சித்தி வீதம் சரிந்ததா? அதற்கும் பிரம்பு இல்லாமையே காரணம்! எல்லா நோய்க்கும் ஒரே குளிகை விற்கும் வைத்தியனைத் திருநெல்வேலிச் சந்தையிற் கண்டால் நம்மவர் சிரித்துவிட்டு அப்பாற் செல்வர். அவனையே பாடசாலை மேடையிற் கண்டால் கைதட்டுகின்றனர்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். பிரம்பு பறிக்கப்படவே இல்லை. கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையாலும், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையாலும் பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கியது மெய். அச்சுற்றறிக்கைகள் அதிபரின் அலுமாரியிற் கோவையாகக் கிடந்தன. பிரம்பு மேசைமேற் கிடந்தது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 2017இல் வெளியிட்ட ஆய்விலே, கடந்த ஒரு தவணைக்குள் உடற்றண்டனை பெற்றதாகக் கூறிய மாணவர் தொகை நூற்றுக்கு எண்பது! இலங்கை முழுவதற்குமான கணக்கு இது. குடாநாட்டு வகுப்பறைகள் அதற்கு விலக்கு என்று நெஞ்சிற் கைவைத்துச் சொல்லக்கூடியவர் யார்? ஆகவே, பிரம்பில்லாமற் கெட்டதாகச் சொல்லப்படும் தலைமுறை பிரம்போடுதான் வளர்ந்தது. ‘ஆவா’ என்றும் பிற பெயர்களிலும் வாளேந்தித் திரிந்த இளைஞரும் அந்த வகுப்பறைகளிலேதான் அமர்ந்திருந்தனர். அடி அவர்களுக்கு எதையேனும் கற்பித்திருக்குமாயின், வலியவன் எளியவனை அடிக்கலாம் என்ற ஒன்றைத்தான் கற்பித்திருக்கும்.

சட்டமும் இதிற் பேசிவிட்டது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, நியாயமான அளவிலே மாணவனைக் கசையாலடிக்கும் உபாத்தியாயர் சட்டவிரோதமான பலாத்காரம் புரிந்தவராகார் என்று உதாரணமே காட்டி எழுதப்பட்டது. வெள்ளைக்காரன் எழுதிய அந்த உதாரணத்தின் நிழலிலே நூறாண்டுக்கு மேல் நமது பாடசாலைகள் இளைப்பாறின. ஆனால் 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், மாத்தறை மாவட்டத்துப் பாடசாலையொன்றில் ஆசிரியர் அறைந்ததாற் செவிப்புலன் குன்றிய மாணவனின் வழக்கிலே, அது கொடூரமான, மனிதத்தன்மையற்ற நடத்தையென்று தீர்ப்பளித்தது. ஆசிரியர் தம் கையிலிருந்து 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் செலுத்துமாறு கட்டளையாயிற்று. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் துரைராஜா. சிங்களக் கிராமத்துப் பிள்ளையொன்றின் காதுக்காகத் தமிழ் நீதியரசர் ஒருவர் எழுதிய தீர்ப்பு, தமிழ்ப் பிள்ளைகளின் காதுகளுக்கும் பொருந்தும் என்பதை நம் மேடைப் பேச்சாளர்கள் நினைவிற் கொள்வார்களாக.

எனினும், பிரம்பைக் கண்டித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வதற்காக நாம் இதனை எழுதவில்லை. “அடிக்காதே” என்று ஒரு தாளிலே தட்டச்சுச் செய்து அனுப்புவது எளிது. நாற்பது பிள்ளைகளை முன்னால் வைத்துக்கொண்டு, அவர்களுள் ஒருவன் வாங்கைத் தட்டி, அயலவனைக் குத்தி, பாடத்தைக் குலைக்கும்போது அடிப்பதற்குப் பதிலாக என்ன செய்வதென்று அந்த ஆசிரியைக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? கொழும்பு கற்றுக்கொடுத்ததா? மாகாணத் திணைக்களம் கற்றுக்கொடுத்ததா? கருவியைப் பறிக்கக் கட்டளையிட்டவர்கள் மாற்றுக் கருவியைக் கையிற் கொடுக்கவில்லை. அந்த வெற்றிடத்திலேதான் ஒளித்து அடிப்பதும், வெயிலில் முழங்காலில் நிறுத்துவதும், நாவாற் சுடுவதும், வகுப்புக்கு வெளியே தள்ளுவதும் புகுந்துகொண்டன. ஆசிரியர்களைக் கொடியவர்கள் என்று நாம் சொல்லவில்லை, அவர்கள் கைவிடப்பட்டவர்கள்.

மாற்றுக் கருவி இல்லையா? இருக்கிறது. அது ஒரு கேள்வியிலிருந்து பிறப்பது. இந்தப் பிள்ளை ஏன் இதைச் செய்கிறது? இன்னும் திருத்தமாகச் சொன்னால், இதைச் செய்வதாற் பிள்ளைக்குக் கிடைப்பது யாது?

கேள்வி சிறியது, கேட்பவர் அரியர். பிரம்புக்கு இக்கேள்வி தெரியாது. அது செயலை மட்டும் காணும், செயலின் வேரைக் காணாது.

‘அடியாத மாடு பணியாது’ என்ற பழமொழியை எடுத்துக்காட்டி நமக்குக் கடிதம் எழுதும் அன்பர்கள் பலர். அவர்களுள் ஏர்க்கால் பிடித்தவர் எத்துணைப்பேரோ நாம் அறியோம். பூட்டிய எருது நடுவயலிற் படுத்துவிட்டால், அனுபவமுள்ள கமக்காரன் கேட்டியை ஓங்குமுன் நுகத்தைத் தூக்கிப் பார்ப்பான். கழுத்திற் புண் உண்டா? குளம்பில் முள் ஏறியதா? காலையில் தண்ணீர் காட்டினோமா? வெங்காயத் தாளின் நுனி கருகினால் அவன் பயிரை வையமாட்டான். கிணற்றுநீர் உவர்த்ததா, புழு விழுந்ததா, பசளை மிஞ்சியதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்குவான். அவன் மாட்டிடமும் பயிரிடமும் காட்டும் பொறுமையை அவனுடைய மகனிடம் பாடசாலை காட்ட மறுப்பதுதான் நமது குற்றச்சாட்டு.

இப்பொறுமையை ஒரு முறையாக வகுத்து, எழுதிப் பார்த்து, சோதித்துத் திருத்தும் கலை உலகத்திலே வளர்ந்து அரை நூற்றாண்டாயிற்று. நடத்தையின் பயனைக் கணிப்பிடும் முறை என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். அமெரிக்காவிலே பிரயன் இவாட்டா என்பாரும் அவர் தோழரும் 1982இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு வழிகாட்டிற்று. தம்மைத்தாமே அடித்துக் காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பேரை அவர்கள் வெவ்வேறு சூழ்நிலைகளில் வைத்துப் பார்த்தனர். வெளிப்பார்வைக்கு எல்லாரும் செய்தது ஒன்றே. ஆனால் ஒருவர் பிறர் கவனம் கிடைக்கும்போது மிகுதியாகச் செய்தார். இன்னொருவர் கடினமான வேலை கொடுக்கப்படும்போது செய்தார். வேறொருவர் தனித்து விடப்படும்போது செய்தார். செயல் ஒன்று, பயன் வேறு. பயன் வேறாயின் பரிகாரமும் வேறாகத்தானே வேண்டும்? அந்நாடு 1997இல் தன் விசேட கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது, உடல் உளக் குறைபாடுள்ள பிள்ளையை ஒழுக்கக் குற்றத்துக்காகப் பத்து நாளுக்கு மேல் வகுப்பினின்றும் நீக்க முற்படும் பாடசாலை இத்தகைய ஆய்வைச் செய்யவேண்டிய நிலைமைகளைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது.

மேனாட்டுச் சரக்கு என்று முகஞ்சுளிக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். திண்ணைப் பள்ளியிலே பிள்ளையைக் கயிற்றிலே தொங்கவிடும் கோதண்டம் நம் சொந்தச் சரக்கு. சொந்தச் சரக்கு என்பதற்காக அதனை இன்று யாரேனும் மீட்டுக்கொண்டு வருவாரா? நோய் என்ன, அதன் மூலம் என்ன என்று ஆராய்ந்த பின்னரே மருந்தைத் தொடவேண்டுமென்ற ஒழுங்கை வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்துக் கொடுத்திருக்கிறார். ஆசிரியனுக்கும் அதுவே பொருந்துமென்று சொல்ல நமக்கு இவாட்டா வேண்டியதில்லை. எப்படிச் செய்வதென்று அறியவே அவர் வேண்டும்.

எப்படிச் செய்வது? வலிகாமத்திலே எட்டாந் தரத்தில் ஒரு மாணவனை மனத்தில் வரைந்துகொள்வோம். பெயர் வேண்டாம், இத்தகையவன் இல்லாத பாடசாலையை நாம் கண்டதில்லை. முன்னாலிருப்பவளின் பின்னலை இழுக்கிறான். கடதாசிக் குண்டு எறிகிறான். ஆசிரியர் அதட்டினால் எதிர்த்துப் பேசுகிறான். அடித்தாயிற்று. பெற்றாரை அழைத்தாயிற்று. இறுதியில் ஒவ்வொரு முறையும் “வெளியே போ” என்று வேப்பமரத்தடிக்கு அனுப்புகிறார்கள். மரத்தடியிலே அவன் பூனைபோல அமைதியாக இருக்கிறான்! இந்த அமைதியை ஒருவராவது வியந்து பார்த்ததுண்டா?

இப்போது ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியை எடுத்து மூன்று நிரல் கோடிடுவோம். குழப்பத்துக்குச் சற்று முன் நடந்தது என்ன? அவன் செய்தது என்ன? அதன்பின் அவனுக்குக் கிடைத்தது என்ன? ‘அடங்காப்பிடாரி’, ‘குடும்பம் சரியில்லை’, ‘திமிர்’ என்ற சொற்களுக்கு அக்கொப்பியில் இடமில்லை. கண்டதும் கேட்டதும் மட்டுமே எழுதப்படவேண்டும். இரு வாரம் எழுதுகிறோம். பன்னிரண்டு குழப்பங்கள் பதிவாகின்றன என வைத்துக்கொள்வோம். கணிதப் பாடத்தில் ஒன்று, உடற்கல்வியில் ஒன்றுமில்லை, மீதிப் பதினொன்றும் தமிழ், வரலாறு, சமயம். நேரத்தைப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே, வரிசையாக எழுந்து புத்தகத்தை உரத்து வாசிக்கும் முறை அவனுடைய வாங்கை நெருங்கும்போது நிகழ்ந்திருக்கின்றன. முடிவு என்ன? ஒவ்வொரு முறையும் வெளியே அனுப்பப்பட்டான். ஒருமுறையேனும் வாசிக்கவில்லை!

அவனுக்கு வாசிக்கத் தெரியாது. (எழுத்தறிவிக்கும் இடத்தில் எழுத்தறியாதவன் என்ற இரகசியத்தை எட்டாண்டு காப்பாற்றுவது எளிய தொழிலன்று, அதற்கு வேண்டிய மூளையில் அரைவாசி போதும் எழுத்துக் கூட்டுவதற்கு.) நாற்பது பேர் முன்னே, பெண்பிள்ளைகள் சிரிக்க, ‘க’னாவில் தடுக்கி விழுவதைவிட இரண்டு அடி வாங்கி மரநிழலில் நிற்பது அவனுக்கு இலாபம். நாம் தண்டனை என்று கொடுத்தது அவனுக்குக் கூலி. நமது பிரம்பும் நமது “வெளியே போ”வும் அந்தக் குழப்பத்துக்கு நாள்தோறும் தவறாமற் சம்பளம் கொடுத்து வந்திருக்கின்றன.

இது ஓர் ஊகந்தான். ஆகவே சோதிக்கவேண்டும். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிப்பித்து, அக்குறை இல்லையென்று தெளிந்துகொள்ளவேண்டும். பின்னர், நாளை அவன் வாசிக்கவேண்டிய நான்கு வரியை இன்று மாலை தனியே சொல்லிக்கொடுத்து, வகுப்பில் அந்த நான்கு வரியை மட்டும் வாசிக்கச் சொல்லுவோம். கடினமாயின் கையால் ஓர் அடையாளம் காட்டு, அடுத்தவனிடம் போகிறேன் என்று அவனோடு இரகசிய உடன்படிக்கை செய்வோம். குழப்பம் குறைந்தால் ஊகம் சரி. குறையாவிடின் கொப்பியைத் திரும்பப் புரட்டவேண்டும். சரியென்று கண்டபின் இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று, அவனுக்கு நாடோறும் எழுத்தறிவித்தல். அதை எட்டாந் தரத்தானின் மானம் கெடாமற் செய்தல். மற்றது, குழப்பம் செய்தால் வாசிப்பிலிருந்து தப்பலாம் என்ற வழியை அடைத்தல். அடையாளம் காட்டினால் ஓய்வு உண்டு, கடதாசி எறிந்தால் இல்லை. இது செல்லங்கொடுத்தல் அன்று. பிரம்பு அவனை வாசிப்பிலிருந்து தப்பவிட்டது, இம்முறை தப்பவிடாது.

அதே வகுப்பிலே இன்னொருவனும் கடதாசி எறிகிறான். அவனுடைய நிரல்களைப் பார்த்தால் பாடத்துக்கும் நேரத்துக்கும் தொடர்பில்லை. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பும் போதெல்லாம் எறிகிறான், எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்க்கின்றனர், ஆசிரியர் ஐந்து நிமிடம் அவனோடு மட்டும் பேசுகிறார். தந்தை கட்டாரிலோ குவைத்திலோ இருக்க, அம்மம்மாவின் கையில் வளரும் பிள்ளைக்கு அந்த ஐந்து நிமிடம், வசவாயினும், அன்றைய நாளின் பெரிய உபசரிப்பு. இவனுக்கு எழுத்தறிவிப்பது பயனற்றது. இவன் ஒழுங்காக இருக்கும்போது பெயர் சொல்லி அழைத்துப் பேசுவதே மருந்து. இருவருக்கும் ஒரே பிரம்படி கொடுத்துவிட்டு ‘பாரபட்சமற்ற ஒழுக்காற்று’ என்று மார்தட்டிக்கொள்கிறோம். காய்ச்சற்காரனுக்கும் எலும்பு முறிந்தவனுக்கும் ஒரே கஷாயம்! கைதடி நவீல்ட் பாடசாலையிலோ கோண்டாவில் சிவபூமியிலோ பணிபுரியும் ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். வாயாற் சொல்ல முடியாத பிள்ளை உடலாற் சொல்லும் என்பதை அவர்கள் விளக்குவார்கள். வாயுள்ள பிள்ளையும் சொல்லமுடியாதவற்றை உடலாலேதான் சொல்லுகிறது.

குடாநாட்டிலே இக்கேள்வியைத் தவிர்ப்பது வெறும் அறியாமையன்று. அதைவிடப் பெரிய பிழை. இம்மண்ணின் பிள்ளைகள் எதைக் கண்டவர்கள்? 1995 செப்டெம்பரில் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின்மேற் குண்டு வீழ்ந்து மாணவர் மாண்டனர். அடுத்த மாத இறுதியில் வலிகாமமே ஓரிரவில் வெளியேறி, மழையிலே தென்மராட்சி நோக்கி நடந்தது. போர்நிறுத்தம் நிலவிய காலத்தில் வன்னிப் பாடசாலைப் பிள்ளைகள் 420 பேரிடம் உளவியலாளர் நடாத்தி 2009இல் வெளியிட்ட ஆய்விலே, நூற்றுக்கு 92 பேர் குண்டுவீச்சு, எறிகணை, உற்றார் சாவு முதலிய கொடுமைகளை அனுபவித்திருந்தனர். நான்கில் ஒருவர் அதன் வடு நோயாகிய நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடுவுடன் இருந்தனர். ஞாபகசக்தியும் பாடசாலைப் புள்ளிகளும் அதனாற் குன்றியிருந்தமையும் அதிற் பதிவாயிற்று. பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்திலிருந்தே இவ்வடுக்களைப் பற்றி எழுதியும் பேசியும் வந்தார். நாம் கேட்டோமா? அன்றைய வகுப்பறையில் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையைச் ‘சோம்பேறி’ என்றும், சத்தத்துக்குத் துள்ளியெழுந்து அயலவனை அடித்த பிள்ளையை ‘முரடன்’ என்றும் அழைத்து அடித்தோம். அந்தப் பிள்ளைகள் இன்று பெற்றார். அவர்களுட் சிலர் இன்று ஆசிரியர். போரைக் காணாத இன்றைய மாணவன், போர் கண்ட வீட்டிலிருந்து போர் கண்ட வகுப்பறைக்கு வருகிறான். இவனுடைய நடத்தைக்குக் காரணம் ‘கைத்தொலைபேசி’ ஒன்றே என்று சொல்லி முடித்துவிடுவது எத்துணைச் சௌகரியம்!

அரசியல் வார இதழில் இது எதற்கு என்று கேட்போருக்கு இனி விடை சொல்லுகிறோம். 1956 ஜூன் 5ஆம் நாள் காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகம் இருந்த தமிழ்த் தலைவர்களும் தொண்டர்களும் அடித்து நொறுக்கப்பட்டனர். 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் அமர்ந்தவர்கள்மீது அவசரகாலச் சட்டமும் இராணுவமும் ஏவப்பட்டன. அன்று தொட்டு நமது குற்றச்சாட்டு ஒன்றுதான்: அரசு குழப்பத்தைக் காண்கிறது, குழப்பத்தின் காரணத்தைக் காண மறுக்கிறது, “எப்படி அடக்குவது” என்று கேட்கிறது, “ஏன் எழுந்தனர்” என்று கேட்பதில்லை. இந்தக் குற்றச்சாட்டைப் பாராளுமன்றத்திலும் ஜெனீவாவிலும் தலைமுறை தலைமுறையாக முழங்கிய ஓர் இனம், தன் வீட்டிற்குள், தன் வகுப்பறைக்குள், தன் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் அதே அரசின் முகத்தை அணிந்துகொள்கிறதே! காரணத்தைக் கேளாமல் அடக்குபவன் மொழியாலே சிங்களவனாயினும் தமிழனாயினும் அடிபடுபவனுக்கு வேற்றுமை தெரியாது.

இனி, மறுப்புகளுக்கு வருவோம். “நேரமில்லை” என்கின்றனர். எல்லாப் பிள்ளைகளுக்கும் கொப்பி எழுதச் சொல்லவில்லை. ஒரு வகுப்பில் ஒருவர் அல்லது இருவருக்குத்தான் இது வேண்டும். அதற்கு நாளொன்றுக்குப் பத்து வரி. அதே பிள்ளைக்காக வாரந்தோறும் நின்றுபோகும் பாடங்களையும், கூட்டப்படும் ஒழுக்காற்றுக் குழுக்களையும், அழைக்கப்படும் பெற்றார் இழக்கும் நாட்கூலியையும் கணக்கிட்டால் எது நேரவிரயம் என்பது விளங்கும். “கத்தி கொண்டு வருபவனுக்கும் கொப்பியா?” என்கின்றனர். கத்தியை உடனே வாங்கிவைக்க வேண்டும், போதைப்பொருள் விற்பவனைச் சட்டத்திடம் ஒப்படைக்க வேண்டும். அதை யார் தடுத்தார்? ஆனாற் கத்தி ஏன் வந்தது, பாடசாலை வாயிலில் யாருக்கு அஞ்சி வந்தது என்ற கேள்வி கத்தியை வாங்கிய பின்பும் மீதமிருக்கும்.

மூன்றாவது மறுப்பு நமது உள்ளத்திலிருந்தே எழுகிறது, அதனை மறைக்கமாட்டோம். நமது நாட்டிலே எந்த நல்ல முறையும் ஒரு படிவமாகச் சுருங்கிவிடும் இயல்புடையது. மூன்று நிரல் கொப்பி நாளை ‘குற்றப் பதிவேடு’ ஆகிவிடலாம். பிள்ளையைப் புரிந்துகொள்ள எழுதப்பட்டது, பிள்ளையை வெளியேற்றும் ஆதாரமாகிவிடலாம். இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்குமுன், சித்தி வீதத்தைக் கெடுத்துவிடுவான் என்று அஞ்சப்படும் மாணவனை “வேறு பாடசாலை பாருங்கள்” என்று மெல்லச் சொல்லி, விடுகைப் பத்திரத்தைக் கையிற் கொடுத்து அனுப்பும் கொடுமையைப் பெற்றார் அறிவர், ஆசிரியரும் அறிவர். பத்திரிகையில் அரைப் பக்கம் நிறைத்து ‘9ஏ’ பெற்றவர்களின் படம் போடுகிறோம். அந்த அரைப் பக்கத்துக்காக வெளியே தள்ளப்பட்டவர்களின் படத்தை எந்தப் பத்திரிகையும் போடுவதில்லை. அவர்கள் தோட்டத்துக்கு நீர் இறைக்கப் போயினர்; மேசனுக்குக் கையாளாகப் போயினர்; சிலர் வேறு கைகளிற் போய்ச் சேர்ந்தனர். பின்னர் அந்தச் சிலரைக் காட்டி, பிரம்பில்லாமையால் வந்த கேடு என்று மேடையிற் பேசுகிறோம்.

ஆகவே, கொப்பி பிள்ளையின் பக்கம் நிற்கவேண்டுமாயின் அதற்கு விதி வேண்டும். பதின்மூன்றாந் திருத்தத்தின்படி மாகாணப் பாடசாலைகள் மாகாணத்தின் பொறுப்பு. வடமாகாணசபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தலின்றியே ஆண்டுகள் கழிந்தன. சபை இல்லையென்பதற்காகத் திணைக்களம் உறங்கிற்றா? இடமாற்றங்கள் நடந்தன, சுற்றறிக்கைகள் பறந்தன, பரீட்சைகள் வைக்கப்பட்டன. இதற்கு மட்டும் சபை வேண்டுமா? திணைக்களம் நாளையே செய்யக்கூடியது இது: எந்தப் பிள்ளைக்கும் ஒழுக்கக் காரணத்துக்காக விடுகைப் பத்திரம் கொடுக்குமுன், வகுப்பினின்றும் நாட்கணக்கில் நீக்குமுன், இரு வாரக் கூர்ந்து நோக்கற் பதிவும், அதிலிருந்து பெற்ற ஊகமும், அதனைக் கொண்டு செய்துபார்த்த மாற்றமும், அதன் விளைவும் எழுத்தில் இருக்கவேண்டும், அவற்றின் பிரதி பெற்றாருக்குத் தமிழிற் கொடுக்கப்படவேண்டும் என்று ஓர் உத்தரவு. இவ்வளவுதான். பணம் வேண்டாம்.

பணம் வேண்டிய காரியமும் உண்டு. யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய ஐந்து கல்வி வலயங்களிலும், இம்முறையை நன்கு கற்ற இருவர் வீதம் நியமிக்கப்படவேண்டும். அவர்கள் அலுவலகக் கதிரையை நிரப்பக்கூடாது; நெடுந்தீவுப் பாடசாலைக்கும் வள்ளமேறிப் போய் வகுப்பின் பின்வாங்கில் அமர்ந்து பார்க்கவேண்டும். கோப்பாயில் ஆசிரியர் பயிற்சி பெறும் ஒவ்வொருவரும், ஒரே ஒரு பிள்ளையையேனும் இரு வாரம் நோக்கி எழுதிய பின்னரே சான்றிதழுடன் வெளியேறவேண்டும். நமது பாடசாலைகளிற் பல்லாண்டுகளாக உளவளத்துணை ஆசிரியர்கள் பயிற்றப்பட்டு இருக்கின்றனர். அவர்களிற் பலருக்கு முழுப் பாடச்சுமையையும் கொடுத்து, இடையில் யாரேனும் வராவிட்டால் அந்த வகுப்பையும் பார்க்கச் சொல்லி, உளவளத்துணை என்பதைப் பெயர்ப்பலகையில் மட்டும் வைத்திருக்கின்றோம். அந்த ஆசிரியர்களின் நேரத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பது அதிபர்களின் கையில் உள்ளது. நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் இவ்வாண்டு வரவுசெலவுத் திட்ட விவாதத்திலே கல்வி அமைச்சின் தலைப்பில் எழும்போது இந்தப் பத்துப் பேரைக் கேட்பார்களா? பாலமும் வீதியும் கேட்கட்டும். அவற்றோடு பத்துப் பேர்.

பெற்றாருக்கும் ஒரு வார்த்தை. “கண் இரண்டையும் விட்டுவிட்டு மிச்சத்தை உரியுங்கள்” என்று வாத்தியாரிடம் பிள்ளையைக் கையளிக்கும் வழக்கத்தை இனியாவது விடுங்கள். அந்த ஒரு வாக்கியந்தான் உங்களை இந்த விவகாரத்தினின்றும் விலக்கிவிட்டது. பாடசாலை அழைத்தாற் போங்கள். தோட்டத்தில் இறைப்பு இருந்தாலும் போங்கள். இயலுமாயின் தாயும் தந்தையும் சேர்ந்து போங்கள். “என்ன செய்தான்?” என்பதோடு நில்லாது, “எந்தப் பாடத்தில்? எத்தனை மணிக்கு? அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது? பிறகு அவனை என்ன செய்தீர்கள்?” என்று கேளுங்கள். வீட்டிலே அவன் எத்தனை மணிக்கு உறங்குகிறான், விடியற்காலையில் நீர் திருப்ப எழுப்பிவிடுகிறீர்களா, சாப்பிட்டுப் போகிறானா, வீட்டில் குடியும் சண்டையும் உண்டா என்பவற்றை ஆசிரியர் கேட்டால் மறைக்காமற் சொல்லுங்கள். அதுவும் அக்கொப்பிக்கு வேண்டிய செய்தியே. விடுகைப் பத்திரத்தை நீட்டி ஒப்பமிடச் சொன்னால், பேனாவை எடுக்குமுன் அந்தக் கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள். கொப்பி இல்லையென்றால் ஒப்பமிடாமல் வலயக் கல்விப் பணிப்பாளரின் அலுவலகத்துக்கு வாருங்கள். அவரும் கொப்பி எங்கே என்று கேட்கிறாரா, அல்லது உங்கள் பிள்ளை என்ன குற்றம் செய்தான் என்று மட்டும் கேட்கிறாரா என்பதைக் குறித்துக்கொண்டு நமக்கு எழுதுங்கள்.